டிவி, போன், கேம் கன்சோல்: விலை எந்த மாதம் இறங்கும்?

புதுப் பொருளின் விலை 'படிப்படியாக' இறங்கும் என்பது சொல்லுக்குச் சொல் உண்மை. மாதக்கணக்கில் அசையாது, பிறகு ஒரே நாளில் ஒரு படி இறங்கிவிடும். அடுத்த படி எப்போது என்று தெரிந்தால் வாராவாரம் சிங்கப்பூர்க் கடைகளில் ஏறி இறங்க வேண்டாம்.

கணிக்க எளிது டிவிதான். ஜனவரியில் லாஸ் வேகஸ் சிஇஎஸ் மின்னணுப் பொருள் கண்காட்சியில் காட்டும் மாடல்கள் பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை கடைக்கு வரும். அப்போது விலை உச்சத்தில் இருக்கும். பெரிய இறக்கம் 11.11 (நவம்பர் 11), நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடே, 12.12 (டிசம்பர் 12) தள்ளுபடி விற்பனைகளின் சமயத்தில். தீபாவளிக்குள் வேண்டும் என்பவர்களுக்குத்தான் சங்கடம், பண்டிகை பல ஆண்டுகளில் 11.11க்கு முன்பே வந்துவிடும், அவர்கள் 10.10ஐப் பார்க்கலாம். பிப்ரவரி வரை பொறுத்தால் இன்னும் மலியலாம், ஆனால் நீங்கள் கேட்கும் அளவு தீர்ந்திருக்கும். கடையில் காட்சிக்கு ஓடவிட்டு மிஞ்சிய டிஸ்ப்ளே செட்டைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஓஎல்இடி வகைத் திரை என்றால் வேண்டாம்: நாள் முழுக்க முழு வெளிச்சத்தில் ஓடிய திரையில் படத்தின் தடம் பதிந்திருக்கலாம்.

சாம்சுங் கேலக்ஸி எஸ் வரிசை ஆண்டுத் தொடக்கத்தில் வரும், சில மாதங்களிலேயே கடைகள் விலையைக் குறைக்கும். ஐஃபோன் விலை, புது மாடல் வரும் செப்டம்பர் வரை பிடிவாதம் பிடிக்கும். ஆகஸ்டில் அதை வாங்குவது வீண் அவசரம்.

மலிவுக்கும் ஒரு விலை உண்டு. கேலக்ஸி எஸ்24க்கு 7 ஆண்டு மென்பொருள் மேம்பாடு என்றால், அது 2024இல் வெளிவந்ததிலிருந்து கணக்கு, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. விலையை மீதி ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 1,400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) 7 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 200. 2 ஆண்டு கழித்து அதே போன் 1,000 வெள்ளிக்குக் கீழே வந்தால்தான் லாபம்.

கேம் கன்சோலுக்கு, விலை இறங்கும் என்று காத்திருக்கும் கணக்கு உதவாது. 2020இல் வந்த ப்ளேஸ்டேஷன் 5இன் விலையை சோனி 2022 ஆகஸ்டில் ஜப்பான், ஐரோப்பா உட்படப் பல சந்தைகளில் ஏற்றியது.

விலை ஒப்பிடும்போது மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை பாருங்கள். ஓர் எழுத்து மாறினால் கேபிள் செருகும் எச்டிஎம்ஐ துளை ஒன்று குறையலாம். அடித்துக் காட்டிய 'பழைய விலை' பெரும்பாலும் அறிமுக விலை, போன வார விலை அல்ல. வாய்வழி சொன்ன விலையில் 9% ஜிஎஸ்டி அடக்கமா, லோக்கல் செட்டா (இங்கு விற்க வந்தது) எக்ஸ்போர்ட் செட்டா (வேறு நாட்டுச் சந்தைக்கானது) என்று கேளுங்கள். எக்ஸ்போர்ட் செட்டுக்கு இங்குள்ள சர்வீஸ் சென்டரில் வாரண்டி மறுக்கப்படலாம்.

தள்ளுபடிப் பொருளுக்கும், பழுதுக்குக் கடையைப் பொறுப்பாக்கும் 'லெமன்' சட்டம் உண்டு. 6 மாதத்துக்குள் தெரியவரும் பழுது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும், அப்படி இல்லை என்று கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். வாங்கும்போதே சுட்டிக்காட்டிய கீறலுக்கு மட்டும் அது செல்லாது. ரசீதில் முழு மாடல் எண்ணையும் எழுதி வாங்குங்கள்.