பழைய பேப்பர் செய்தி மெய்யா புரளியா: சரிபார்க்கும் முறை

1835 ஆகஸ்ட் 25 அன்று நியூயார்க்கின் 'தி சன்' நாளிதழில் ஆறு பகுதித் தொடர் ஒன்று தொடங்கியது. வானியலாளர் ஜான் ஹெர்ஷல் நிலாவில் வௌவால் இறக்கை மனிதர்களையும், தாடி வைத்த ஒற்றைக்கொம்பு ஆட்டையும் கண்டார் என்றது. ஏராளமானோர் நம்பினார்கள். அவர்களை ஏமாளிகள் என்று ஒதுக்கிவிட்டால் புரளியின் வேலைப்பாடு பிடிபடாது. ஹெர்ஷல் 1834 முதல் தென்னாப்பிரிக்காவில் தொலைநோக்கியோடு வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது மெய். அந்த மெய்யைப் பிடித்துக்கொண்டுதான் பொய் உள்ளே வந்தது.

ஆகவே முதலில் செய்தியை உடையுங்கள். ஒரு வரிக்கு ஒரு கூற்று என்று தாளில் எழுதி, வேறு இடத்தில் உறுதியானவற்றை அடித்துவிடுங்கள். மிச்சம் நிற்பதை மட்டும் சோதித்தால் போதும்.

அடுத்து மூலம். 'சன்' தன் தொடரை எடின்பரோ அறிவியல் இதழ் ஒன்றிலிருந்து எடுத்ததாகச் சொன்னது. அந்த இதழோ ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. பெயர் சொல்லப்பட்ட இதழ் அந்தத் தேதியில் வந்துகொண்டிருந்ததா என்று நூலகப் பட்டியலில் பாருங்கள். மறுக்கக்கூடியவர் எங்கே இருந்தார் என்பதும் முக்கியம். ஹெர்ஷலிடம் கேட்டறிய, கப்பல் தபாலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

எண்களை விட்டுவிடாதீர்கள், புரளி சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். தொடரில் வந்த லென்ஸின் குறுக்களவு 24 அடி, எடை ஏறத்தாழ 7 டன், உருப்பெருக்கம் 42,000 மடங்கு. நிலாவின் தூரம் சுமார் 3,84,000 கிலோமீட்டர். 42,000-ஆல் வகுத்தால் 9 கிலோமீட்டருக்கு மேல் வரும்; அதாவது அந்த லென்ஸில் பார்த்தாலும் நிலா அவ்வளவு தள்ளி நிற்பதுபோலத்தான் தெரியும். அத்தனை தொலைவிலிருந்து ஆட்டுத்தாடி தெரியுமா? லென்ஸை விளிம்பில்தான் தாங்க முடியும், பெரிதானால் தன் எடையிலேயே வளையும். 1897-இல் திறந்த அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தின் 40 அங்குல லென்ஸைத் தாண்டிப் பெரியது தொலைநோக்கியின் முதன்மை லென்ஸாக நிலைக்கவில்லை.

டிஜிட்டல் காப்பகத்தில் தேடும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பத்து ஊர்ப் பேப்பரில் ஒரே செய்தி கிடைத்தால் பத்து சாட்சி என்று எண்ணிவிடுகிறார்கள். வாக்கியங்களை ஒப்பிடுங்கள், வரிக்கு வரி ஒத்துப்போனால் அது ஒரே சாட்சி.

கடைசிப் பத்திவரை படியுங்கள். 1874 நவம்பர் 9 அன்று 'நியூயார்க் ஹெரால்ட்', மிருகக்காட்சிசாலையிலிருந்து விலங்குகள் தப்பி ஆட்களைக் கொன்றதாக எழுதியது. எல்லாம் கற்பனை என்று முடிவில் அதுவே சொல்லியிருந்தும், அதுவரை படிக்காமலே பலர் பதறினார்கள்.

தேடும் காலத்தையும் நீட்டுங்கள். அந்தரத்தில் நிமிர்ந்து நிற்கும் கயிற்றில் சிறுவன் ஏறி மறையும் இந்தியக் கயிற்று வித்தையை நேரில் கண்டதாக 1890 ஆகஸ்டில் 'சிகாகோ ட்ரிப்யூன்' அச்சிட்ட கட்டுரை கற்பனை என்று அதே பேப்பர் ஒப்புக்கொள்ள ஏறக்குறைய நான்கு மாதம் ஆனது. செய்தி வந்த நாளுக்குப் பின் குறைந்தது ஆறு மாத இதழ்களைப் புரட்டுங்கள். மறுப்பு சின்ன எழுத்தில், உள்பக்கத்தில் இருக்கலாம்.