விவிடி இன்ஜினில் கேம் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய இன்ஜினில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டின் (சுருக்கமாக கேம்) கோணம் மாறாது. குறி பார்த்து டைமிங் செயினை மாட்டிவிட்டால், வால்வு எந்த டிகிரியில் திறக்கும், எந்த டிகிரியில் மூடும் என்பது அதோடு முடிந்த கதை. விவிடி (வேரியபிள் வால்வ் டைமிங்) இன்ஜினில் அப்படி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈசியூ (இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி) ஆயில் பிரஷரை வைத்து கேமை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இருக்கிறது. பவர் வேண்டி கேம் மாற்றுகிறவர்கள் இதை வாயால் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அளக்கும்போதும் பார்ட்ஸ் வாங்கும்போதும் கேம் ஒரே இடத்தில் நிற்பதாகவே கணக்குப் போடுவார்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன.

முதலில், உங்கள் இன்ஜினில் எது மாறுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிஎம்டபிள்யூ 1992-இல் கொண்டுவந்த வேனோஸ், டொயோட்டாவின் விவிடி-ஐ போன்றவை கேமைத் திருப்பி நேரத்தை மட்டும் மாற்றுபவை. வால்வு திறக்கும் உயரம் அப்படியே இருக்கும். ஹோண்டாவின் விடெக் வேறு இனம். 1989-இல் வந்த பி16ஏ இன்ஜினில், 1600 சிசியில் 160 பிஎஸ் பவர் கிடைத்ததற்குக் காரணம், குறைந்த ஆர்பிஎம்முக்கு ஒரு லோப் (வால்வைத் தள்ளும் கேமின் மேடு), அதிக ஆர்பிஎம்முக்கு வேறு லோப் என்று மாறிக்கொள்ளும் அமைப்பு. டொயோட்டாவின் 2இசட்இசட்-ஜிஇ, ஹோண்டாவின் பல கே சீரிஸ் இன்ஜின்கள் இரண்டையும் சேர்த்தே செய்கின்றன. பிஎம்டபிள்யூவின் வால்வ்ட்ரானிக், ஃபியட்டின் மல்டிஏர் போன்றவற்றில் இன்டேக் வால்வின் லிஃப்டையே (திறக்கும் உயரத்தையே) ஈசியூ கட்டுப்படுத்துகிறது. அவற்றில் இங்கே சொல்லும் வழக்கமான கேம் மாற்றம் அப்படியே பொருந்தாது.

கையால் சுற்றிப் பார்த்துவிட்டு நம்புவது

இருப்பதிலேயே அதிகச் செலவு வைக்கும் தவறு இதுதான். புது கேமை மாட்டி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு இரண்டு சுற்று சுற்றுவார்கள். எங்கும் இடிக்காது. சரி என்று ஹெட் கவரை மூடிவிடுவார்கள்.

இன்ஜின் நின்றிருக்கும்போது ஃபேஸர் (கேமைத் திருப்பும் பாகம்) தன் பூட்டு நிலையில் இருக்கிறது. பெரும்பாலான இன்ஜின்களில் இன்டேக் கேம் முழுக்கப் பின்தள்ளியும் (வால்வு தாமதமாகத் திறக்கும்படி), எக்ஸாஸ்ட் கேம் முழுக்க முன்தள்ளியும் (முன்னதாகத் திறக்கும்படி) பூட்டிக்கொள்ளும். அதாவது வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று நெருங்காத, இருப்பதிலேயே பத்திரமான நிலையில் வைத்துத்தான் நீங்கள் சோதித்திருக்கிறீர்கள். ஓட்டும்போது நடுத்தர ஆர்பிஎம்மில் ஈசியூ இன்டேக் கேமை முன்னே தள்ளும். அப்போது பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில் வால்வு ஏற்கெனவே நன்றாக இறங்கியிருக்கும். பூட்டு நிலையில், பிஸ்டன் உச்சியில் 1.5 மிமீ திறந்திருக்கும் பெரிய கேம், 40 டிகிரி முன்னே போனதும் அதே இடத்தில் 5 மிமீ அளவுக்குத் திறந்திருக்கக்கூடும். பிஸ்டன் தலையில் வெட்டியிருக்கும் வால்வுப் பள்ளம் கம்பெனி கேமுக்காகக் கணக்கிட்டது. இந்தக் கேமுக்கு அது போதாமல் போகலாம்.

எனவே ஃபேஸரின் பூட்டு முள்ளை விடுவித்து, இன்டேக் கேமை அது போகக்கூடிய கடைசி வரை முன்னேயும், எக்ஸாஸ்ட் கேம் நகரக்கூடியதாக இருந்தால் அதைக் கடைசி வரை பின்னேயும் தள்ளி வைத்து அளக்க வேண்டும். மென்மையான சோதனை ஸ்பிரிங்கும் டயல் கேஜும் வைத்து அளப்பது நல்லது. ஹைட்ராலிக் அட்ஜஸ்டர் (ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) உள்ள இன்ஜினில் ஆயில் இல்லாத அட்ஜஸ்டர் அமுங்கி, இல்லாத இடைவெளியை இருப்பதாகக் காட்டும். அளக்கும்போது மட்டும் அமுங்காத ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். இன்டேக்குக்கு 2 மிமீ, எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மிமீ இடைவெளி வேண்டும் என்பது இன்ஜின் கட்டுகிறவர்களிடம் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. சரியாக உச்சியில் மட்டும் அளந்தால் போதாது. எக்ஸாஸ்ட் வால்வு உச்சிக்குச் சுமார் 10 டிகிரி முன்பும், இன்டேக் வால்வு சுமார் 10 டிகிரி பின்பும்தான் பிஸ்டனை அதிகம் நெருங்கும்.

இடைவெளி போதவில்லை என்றால் ஃபேஸர் நகரும் தூரத்தைக் குறைக்க வேண்டும். ஹோண்டா கே சீரிஸில் 50 கிராங்க் டிகிரி நகரும் இன்டேக் கேமை, பெரிய கேம் போட்டபின் பாதி அளவுக்குக்கூடக் கட்டுப்படுத்துவது உண்டு. இதை ஈசியூ டேபிளில் எண்ணை மாற்றிவிட்டுத் திருப்திப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது பாதுகாப்பே இல்லை. ஆயில் கன்ட்ரோல் சோலனாய்டில் (ஃபேஸருக்கு ஆயில் விடும் மின் வால்வில்) ஒரு சிறு துகள் சிக்கினால் போதும், ஈசியூ எத்தனை டிகிரி கேட்டது என்று பார்க்காமல் ஃபேஸர் கடைசி வரை ஓடிவிடும். ஃபேஸருக்குள்ளேயே தடை வைக்கும் லிமிட்டர்தான் நம்பத்தக்கது. அதை வாங்கும்போது ஒரு விஷயம்: சில இடங்களில் கேம் டிகிரியும் சில இடங்களில் கிராங்க் டிகிரியும் போட்டிருப்பார்கள். கேம் ஒரு டிகிரி திரும்பினால் கிராங்க் இரண்டு டிகிரி. இதைக் குழப்பிக்கொண்டால் நீங்கள் 25 என்று நினைத்தது உண்மையில் 50 ஆக இருக்கும்.

ஃபேஸரையே பூட்டிவிடுவது

'இவ்வளவு தலைவலி எதற்கு, லாக் பண்ணிவிடலாம்' என்பது அடுத்த யோசனை. ஒரே ஆர்பிஎம் எல்லைக்குள் ஓடும் ரேஸ் வண்டிக்கு அது சரிதான். ரோட்டில் ஓடும் வண்டிக்கு நஷ்டம். பெரிய கேமின் பலவீனமே கீழ் ஆர்பிஎம்தான். இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திரும்பி வெளியே போய்விடும். பிக்கப் செத்துப்போகும். இன்டேக் கேமை முன்னே நகர்த்தினால் வால்வும் முன்னதாகவே மூடும், இழந்த டார்க்கில் ஒரு பகுதி திரும்பி வரும். ஐட்லிங்கில் கேமைப் பின்னே தள்ளினால் ஓவர்லேப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) குறைந்து இன்ஜின் அமைதியாக நிற்கும், பிரேக் பூஸ்டருக்கும் வேக்குவம் கிடைக்கும். பெரிய கேம் போட்டும் ஒழுங்காக ஓட வைக்கும் ஒரே கருவியைத்தான் லாக் செய்கிறவர்கள் தூக்கி எறிகிறார்கள். ஐட்லிங்கில் 'டக டக' என்று சத்தம் வர வேண்டும் என்பதற்காகவே இதைச் செய்கிறவர்களிடம் சொல்ல எதுவும் இல்லை.

எண்ணைப் பார்த்து வாங்குவது

ஒருவர் 270 டிகிரி கேம் என்கிறார், இன்னொருவர் 228 டிகிரி என்கிறார். இரண்டும் ஒரே கேமாக இருக்கலாம். வால்வு சீட்டை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து அளந்தது ஒன்று, 1 மிமீ திறந்த பிறகு அளந்தது மற்றொன்று. எந்த லிஃப்டில் அளந்தது என்று தெரியாத டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் டிகிரி) எண்ணை ஒப்பிட்டுப் பயனில்லை. லிஃப்டும் அப்படித்தான். லோபின் உயரமா, ராக்கர் (லோபுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள நெம்புகோல்) விகிதத்தால் பெருக்கிய வால்வு உயரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய கேள்வி, அந்தக் கேம் எந்த ஆர்பிஎம்முக்கானது என்பது. கேம் மாற்றத்தில் கிடைக்கும் பவரின் பெரும்பகுதி, டார்க்கை மேல் ஆர்பிஎம் வரை விழாமல் பிடித்து வைப்பதால் வருவது. 200 நியூட்டன் மீட்டர் டார்க் 6000 ஆர்பிஎம்மில் கிடைத்தால் சுமார் 126 கிலோவாட். அதே டார்க் 7500 வரை நின்றால் 157 கிலோவாட். ரெட்லைனை உயர்த்தாமல் 7500-க்கான கேமைப் போட்டால் நஷ்டம் மட்டுமே மிஞ்சும். உயர்த்துவதானால் கனெக்டிங் ராட் போல்ட்டும் ஆயில் பம்ப்பும் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். கியர்பாக்ஸையும் மறக்கக் கூடாது. இரண்டாம் கியர் விகிதம் 2.0, மூன்றாவது 1.4 என்றால், 7000-இல் மாற்றினால் ஊசி 4900-இல் விழும். உங்கள் கேம் 5500-க்கு மேல்தான் உயிர் பெறுகிறது என்றால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வண்டி திணறும்.

டர்போ இன்ஜினுக்கு, டர்போ இல்லாத இன்ஜினின் கேம் ஆலோசனையை எடுத்துக்கொள்ளாதீர்கள். டர்பைனுக்கு முன்னே உள்ள அழுத்தம் பூஸ்ட் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும் இடங்களில், அதிக ஓவர்லேப் எரிந்த வாயுவை சிலிண்டருக்குள்ளேயே திருப்பி அனுப்பும்.

ஸ்பிரிங்

கம்பெனி ஸ்பிரிங்கை அப்படியே விட்டால், மேல் ஆர்பிஎம்மில் வால்வு லோபைத் தொடராமல் மிதக்கும். லிஃப்ட் கூடியதால் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டியும் போகலாம். இது பலருக்கும் தெரியும். தெரியாதது மறுபக்கம்: இருப்பதிலேயே கடினமான ஸ்பிரிங்கைப் போடுவதும் தவறு. வால்வு திறக்கும்போது ஸ்பிரிங் கேமை எதிர்த்துத் தள்ளுகிறது, மூடும்போது கேமை முன்னே உந்துகிறது. இந்த உதறல் நேராக ஃபேஸரில்தான் இறங்கும். உதறல் கூடினால் ஃபேஸர் சொன்ன கோணத்தில் நிற்காமல் அலைபாயும், பூட்டு முள்ளும் அடிபடும். கேம் செய்தவர் சொன்ன ஸ்பிரிங்கைச் சொன்ன உயரத்தில் பொருத்துவதே போதும்.

விடெக் மாறும் இடம்

சத்தம் சீக்கிரம் கேட்க வேண்டும் என்று மாறும் ஆர்பிஎம்மைக் கீழே இறக்குவது பரவலான பழக்கம். சிறிய லோபில் மட்டும் ஒரு டைனோ (டார்க்கையும் பவரையும் அளக்கும் கருவி) ஓட்டம், பெரிய லோபில் மட்டும் ஒரு ஓட்டம் எடுத்து, இரண்டு டார்க் கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே வையுங்கள். புது கேமில் அந்தப் புள்ளி பெரும்பாலும் முன்பிருந்ததைவிட மேலேதான் இருக்கும். 2இசட்இசட் வைத்திருப்பவர்கள் கேமுக்குச் செலவு செய்யும் முன், லிஃப்ட் போல்ட் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அது போய்விட்டால் இன்ஜின் பெரிய லோபுக்கே மாறாது.

பழைய டியூனிலேயே ஓட்டுவது

கம்பெனி ஈசியூவில் உள்ள கேம் கோண டேபிள் பழைய லோபுக்காக எழுதியது. புது கேமில் அதே கோணங்கள் தவறான இடத்தில் ஓவர்லேப்பைக் கொடுக்கும். முறையான வழி பொறுமையைக் கேட்பது: கேமை 0 டிகிரியில் நிறுத்தி ஒரு ஓட்டம், பிறகு 10, 20, 30 என்று லிமிட்டர் அனுமதிக்கும் வரை. ஒவ்வொரு ஓட்டத்திலும் காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரைப் பார்த்து எரிபொருளைச் சரிசெய்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். எல்லாக் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் எந்தக் கோணம் அதிக டார்க் தருகிறதோ அதை டேபிளில் எழுதுங்கள். கோணம் மாறினால் சிலிண்டருக்குள் போகும் காற்றும் தங்கிவிடும் எரிந்த வாயுவும் மாறும். ஆகவே இக்னிஷன் டைமிங்கையும் கடைசியில் மறுபடி பார்த்தாக வேண்டும். முழு திராட்டிலில் முடித்துவிட்டுக் கிளம்புவதும் தவறு. வண்டி பெரும்பாலான நேரம் ஓடுவது பாதி திராட்டிலில்தான்.

சின்ன விஷயங்கள் சில. ஃபேஸர் போல்ட் பல இன்ஜின்களில் ஒருமுறை மட்டும் இறுக்குவதற்கானது, பழையதைப் போடாதீர்கள். மாஸ்டாவின் எம்இசட்ஆர் போல கிராங்க் ஸ்புராக்கெட்டில் கீ (பொருத்தும் ஆப்பு) இல்லாமல் உராய்வால் மட்டுமே பிடித்திருக்கும் இன்ஜின்களில், நடுவே உள்ள டைமண்ட் வாஷரும் புதிதாக இருக்க வேண்டும். கேம் சென்சாருக்கான பற்கள் புது கேமிலும் அதே அமைப்பில் இருக்கின்றனவா என்று பார்க்கவும். பழைய கேமையே தேய்த்து வடிவம் மாற்றினால் அடிவட்டம் (லோபின் மேடில்லாத வட்டப் பகுதி) சிறியதாகிவிடும், அந்த இடைவெளியை அட்ஜஸ்டர் ஈடுகட்டுமா என்று கணக்கிட வேண்டும். ஆயில் கன்ட்ரோல் சோலனாய்டின் வலையைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் மூடாதீர்கள். பொதுச் சாலையில் ஓட்டுவதானால், புகைச் சோதனை விதிகள் இந்த மாற்றத்தை அனுமதிக்கின்றனவா என்பதைப் பார்ட்ஸ் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எரிபொருளை நிறுத்தி, ஆயில் பிரஷர் ஏறும் வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுங்கள். காலியான ஃபேஸரில் பிரஷர் வந்தபின்தான் அது கட்டுப்பாட்டுக்குள் வரும். பிறகு ஓட்டிப் பார்க்கும்போது, ஈசியூ கேட்ட கேம் கோணத்தையும் உண்மையில் கிடைத்த கோணத்தையும் ஒரே வரைபடத்தில் பதிவு செய்யுங்கள். நிலையான ஆர்பிஎம்மில் இரண்டும் ஒட்டியே போக வேண்டும். கிடைத்த கோணம் மேலும் கீழும் அலைந்தால், டியூனைத் தொடுவதற்கு முன் ஆயில் பிரஷர், சோலனாய்டு, ஸ்பிரிங் என்ற வரிசையில் பார்த்துக்கொண்டு வாருங்கள்.