ஜன்னல் பக்கத்துக் கன்னம்: முகச் சுருக்கம் ஏன் விழுகிறது, என்ன செய்யலாம்

26 வருஷமாகத் தையல் மிஷினை ஜன்னலோரம் போட்டுத்தான் வேலை செய்கிறேன். ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டுமே. ஜன்னல் எனக்கு வலது கைப்பக்கம். போன வருஷம் அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்தபோது வலது கண்ணோரத்தில் ஐந்து கோடு, இடது பக்கம் இரண்டுதான். விளக்கைச் சரியாக வைக்கவில்லை என்று படம் எடுத்தவரிடம் சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால், பாவம், அவர் மேல் தப்பில்லை.

ஜன்னல் கண்ணாடி மூடித்தானே இருந்தது? தோல் மருத்துவரிடம் நானும் இதைத்தான் கேட்டேன். நம் மேல் படும் புற ஊதாக் கதிரில் இரண்டு வகை. தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் பி வகையைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். ஏ வகை நிறையவே உள்ளே வந்துவிடும். அது சுடாது, எரியாது, வந்ததே தெரியாது. தோலின் அடியடுக்கு வரை இறங்கி, அங்கே தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன், எலாஸ்டின் நார்களைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். 28 வருஷம் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படத்தை 2012ல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. வண்டி ஜன்னலை ஒட்டியிருந்த கன்னம் இன்னொரு கன்னத்துக்கு அண்ணன் மாதிரி இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு என் முகம் புரிந்தது.

சரி, உங்கள் சுருக்கம் எந்த வகை என்று முதலில் பாருங்கள். துணிக்காரி பாஷையில் சொல்கிறேன். முகத்தைத் தளர விட்டுக் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். அப்புறம் சிரியுங்கள், புருவத்தை உயர்த்துங்கள், நெற்றியைச் சுளியுங்கள். அப்போது மட்டும் வந்து, முகம் தளர்ந்ததும் மறைகிற கோடு, மடிப்பு. தசை இழுப்பதால் வருவது. சும்மா இருக்கும்போதும் தெரிகிற கோடு, நூல் நைந்த இடம். ஒரே வாட்டத்தில் வருஷக்கணக்கில் மடித்து வைத்த பட்டுத் துணி மடிப்பிலேயே இற்றுப்போகும், பார்த்திருப்பீர்கள். முதல் வகை இரண்டாவதாக மாறுவது அப்படித்தான். மூன்றாவதாக, மாய்ஸ்சரைசர் தடவிய கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும் மெல்லிய கோடுகள்; அவை வறட்சியால் வரும் கசங்கல், கவலையே வேண்டாம்.

வயது, பரம்பரை, புகைப்பழக்கம், ஒரே பக்கமாகக் கன்னத்தை அழுத்தித் தூங்குவது, எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. இவற்றில் புகையை நிறுத்தலாம். வயதை என்ன செய்ய?

முதல் வேலை சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவைச் சொல்லும் எண்) 30 அல்லது அதற்கு மேல், ஏ வகைக் கதிரையும் தடுக்கும் என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும். அளவில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறோம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் வருவது முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு தடவைக்கு. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். ஆஸ்திரேலியாவில் நாலரை வருஷம் நடத்திய ஆய்வு 2013ல் வந்தது. தினமும் தடவியவர்களின் தோல் மூப்பு, இஷ்டப்பட்டபோது தடவியவர்களைவிட 24 சதவீதம் குறைவு. கறுத்த தோலுக்கு, நிறம் தரும் மெலனின் ஓரளவு காவல், அதனால் சுருக்கம் தாமதமாகும். ஆனால் திட்டுத்திட்டாகக் கறுப்பது முந்திக்கொள்ளும், ஆகவே நமக்கு வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது இரவில் தடவும் ரெட்டினால், வைட்டமின் ஏ வகைக் கிரீம். அதைவிட வீரியமானது டிரெடினாயின். மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும். ஆர்வக்கோளாறில் நான் முதல் வாரமே ரெட்டினாலைத் தினமும் அப்பினேன். எட்டாம் நாள் வாயோரம் உரிந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது. சரியான முறை இது: முகம் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு, கண் இமையிலும் உதட்டோரத்திலும் படக்கூடாது, மேலே மாய்ஸ்சரைசர். வாரம் இரண்டு இரவில் தொடங்கி, தோல் தாங்கினால் மெல்லக் கூட்டலாம். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் தொடவே கூடாது.

கொலாஜன் கிரீம் வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், மாய்ஸ்சரைசராக உழைக்கும். ஆனால் கொலாஜன் மூலக்கூறு பெரியது, தோலுக்குள் புகுந்து நைந்த நாருக்கு ஒட்டுப் போடாது. ஸ்டீராய்டு கலந்த வெளுப்புக் கிரீம் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். நாளடைவில் தோலையே மெலிய வைக்கும்.

இதற்கு மேல் ஊசிதான். மடிப்பு வகைக்கு போடாக்ஸ். தசையைத் தளர்த்தும், மூன்று நான்கு மாதம் நிற்கும். பள்ளம் விழுந்த இடத்துக்கு ஃபில்லர், அதாவது பள்ளத்தை நிரப்பும் ஊசி மருந்து. தவறி ரத்தக்குழாயில் ஏறினால், அபூர்வமாகப் பார்வைகூடப் போகலாம். அதனால் தெரிந்த மருத்துவரிடம் மட்டும். அழகு நிலையத்தில் தள்ளுபடி என்றால் எழுந்து வந்துவிடுங்கள். லேசரும், மேல்தோலை மருந்தால் உரித்தெடுக்கும் ஆழமான பீலிங்கும் நைந்த தோலுக்கு உதவும், ஆனால் கறுத்த தோலில் பிறகு கறை விழ வாய்ப்பு அதிகம். "என் நிறத் தோலுக்குச் செய்த அனுபவம் உண்டா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மிஷினைத் திருப்பிப் போடு, இரண்டு கன்னமும் சமமாகிவிடும் என்கிறாள் என் மகள். ஜன்னல் கண்ணாடிக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலம் ஒட்டிவிட்டேன். வெளிச்சம் முன்போலவே வருகிறது. ஊசியில் நூல் முதல் தடவையிலேயே நுழைகிறது.