போனைச் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறதா?

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்து ஒரு கிழமைக்குள் எங்கள் படலையடியில் நாலைந்து பேராவது போனோடு வந்து நிற்பார்கள். காவடி, கச்சான் கடை, பிள்ளைகள் என்று வீடியோ எடுத்தே போன் நிறைந்துபோயிருக்கும். அதை லப்டொப்பில் ஏற்றலாம் என்று செருகினால் சார்ஜ் மட்டும் ஏறும், வேறு ஒன்றும் நடக்காது. உடனே டிரைவர் (கொம்பியூட்டர் போனை அடையாளம் காண உதவும் மென்பொருள்) பிழை, வைரஸ், வின்டோஸ் திரும்ப அடிக்க வேண்டும் என்று பயந்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் வயர்தான் பிழை.

சாதாரண யூஎஸ்பி வயருக்குள் நாலு கம்பி இருக்க வேண்டும். இரண்டு கரண்டுக்கு, இரண்டு தரவுக்கு. மலிவான வயர்கள் பலவற்றில், பவர் பேங்கோடும் ரோச் லைட்டோடும் வருகிற குட்டி வயர்களில் குறிப்பாக, கரண்டுக்கான இரண்டு மட்டும்தான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால் வேறொரு போனை அதே வயரால் அதே கொம்பியூட்டரில் செருகிப் பாருங்கள். அதுவும் தெரியாவிட்டால், வேறு வயர் ஒன்றைக் கேட்டு வாங்கியாவது முயன்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். பிழையான வயரில் ஒரு நூலைக் கட்டி சார்ஜுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதமும் அதையே எடுத்துச் செருகுவீர்கள்.

அடுத்தது புழுதி. கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடுபவர், நெல்லுச் சூடு அடிக்கும் காலத்தில் வயலில் நிற்பவர் யாருடைய போனை எடுத்தாலும் சார்ஜ் துவாரத்துக்குள் செம்மண்ணும் சட்டைப்பை நூலும் சேர்ந்து கட்டியாகி இருக்கும். வயர் முழுதாக உள்ளே போகாது, லேசாக ஆடும், கரண்ட் மட்டும் எப்படியோ தொடும். போனை நிறுத்திவிட்டு, மரத்தாலான பல்லுக்குத்தும் குச்சியால் ஓரமாக மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊசியும் சேலைப்பின்னும் வேண்டவே வேண்டாம். டைப் சி துவாரத்தின் நடுவே மெல்லிய நாக்கு ஒன்று இருக்கிறது, அது உடைந்தால் செலவு பெரிது.

பழைய டெஸ்க்டொப் என்றால் முன்பக்கத் துவாரத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் நேராகச் செருகுங்கள்.

சரி, வயர் நல்லது, துவாரமும் சுத்தம், இன்னும் தெரியவில்லை. இப்போது போனைப் பாருங்கள். பூட்டியிருந்தால் அது உள்ளே இருப்பதைக் காட்டாது, 'பின்' (PIN) இலக்கத்தை அடித்துத் திறக்க வேண்டும். அன்ட்ரொய்ட் போன் செருகியவுடன் சார்ஜ் ஏற்றுவதை மட்டும்தான் செய்யும். மேலிருந்து கீழே இழுத்தால் யூஎஸ்பி பற்றிய அறிவிப்பு ஒன்று இருக்கும், அதைத் தட்டி 'பைல் ட்ரான்ஸ்பர்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய அலுப்பாக இருந்தால், செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' என்பதை 7 தரம் தட்டினால் 'டெவலப்பர் ஒப்ஷன்ஸ்' திறக்கும், அதற்குள் 'டிபோல்ட் யூஎஸ்பி கொன்பிகரேஷன்' என்பதில் நிரந்தரமாக மாற்றலாம். அங்கே வேறு எதையும் தொடாதீர்கள்.

அதற்கும் வராவிட்டால்தான் டிரைவர். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மனேஜரைத் திறந்து, மஞ்சள் அடையாளத்தோடு இருப்பதை 'அன்இன்ஸ்டோல்' செய்து, வயரைக் கழற்றி, கொம்பியூட்டரை நிறுத்திப் போட்டு மறுபடி செருகுங்கள். மஞ்சள் போகவில்லை என்றால் 'அப்டேட் டிரைவர்' போய், கொம்பியூட்டரில் உள்ள பட்டியலிலிருந்து நீங்களே 'எம்டிபி யூஎஸ்பி டிவைஸ்' என்பதைத் தெரிவு செய்யலாம். வின்டோஸ் பெயரின் முடிவில் 'N' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அதில் 'மீடியா பீச்சர் பேக்' தனியாகப் போட வேண்டும், அது இல்லாமல் போன் தெரியாது.

ஐபோன் வேறு மாதிரி. எங்கள் பக்கம் பெரும்பாலும் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற அண்ணா பாவித்துவிட்டுக் கொடுத்ததாக இருக்கும். செருகியதும் இந்தக் கொம்பியூட்டரை நம்பலாமா என்று கேட்கும், 'ட்ரஸ்ட்' கொடுத்துக் கடவு இலக்கத்தை அடிக்க வேண்டும். வின்டோஸில் ஐடியூன்ஸ் அல்லது 'அப்பிள் டிவைசஸ்' இருந்தால்தான் சரியான டிரைவர் வரும். படம் கொப்பியாகும்போது பாதியில் பிழை காட்டி நின்றால், போட்டோஸ் செட்டிங்ஸின் அடியில் 'ட்ரான்ஸ்பர் டு மக் ஓர் பிசி' என்பதில் 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றுங்கள், அனேகமாகச் சரியாகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். போனில் இன்னும் அண்ணாவின் அப்பிள் கணக்கே இருந்து, ஐகிளவுட் படங்கள் 'ஒப்டிமைஸ்' என்று போடப்பட்டிருந்தால், முழுப் படம் போனிலேயே இருக்காது, அவருடைய கணக்கில்தான் இருக்கும். கொம்பியூட்டரில் படம் குறைவாகத் தெரிவதற்கு அது காரணம். அவரிடம் பேசி, படங்களை இறக்கிக்கொண்டு, உங்கள் கணக்குக்கு மாறுங்கள்.

இனி நான் மன்றாடிச் சொல்கிற விஷயம். போனிலிருந்து படங்களை 'கட்' செய்து ஒட்டாதீர்கள். எப்போதும் 'கொப்பி'. எங்கள் வீட்டு அல்பங்கள் 2009 இல் இடப்பெயர்வோடு போய்விட்டன. அம்மாவின் கல்யாணப் படம் என்று இன்று எங்களிடம் இருப்பது, வெளிநாட்டில் சின்னம்மாவிடம் தப்பியிருந்த ஒரு பிரதியை அவர் போனில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியது மட்டும்தான். வன்னியில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான், போனுக்குள் இருப்பதே ஒரே பிரதி. 'கட்' செய்யும்போது வயர் ஆடினாலோ கரண்ட் போனாலோ அந்தப் படம் இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம். ஒரேயடியாக 3000 படத்தைத் தெரிவு செய்யவும் வேண்டாம், பாதியில் இறுகி நின்றுவிடும். 200, 300 ஆகப் பிரித்து எடுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரியா என்று பார்த்து, நடுவே சிலதைத் திறந்து பார்த்து, பென் டிரைவிலோ வேறு எதிலோ இன்னொரு பிரதி போட்ட பிறகுதான் போனில் அழியுங்கள்.

வட்ஸ்அப் படங்களைக் காணோம் என்று பலர் கேட்கிறார்கள். அவை கமரா படங்கள் இருக்கும் போல்டரில் இல்லை. அன்ட்ரொய்ட் 11 இலிருந்து 'அன்ட்ரொய்ட்' என்ற போல்டருக்குள் 'மீடியா', அதற்குள் வட்ஸ்அப்பின் பெயரோடு ஒரு போல்டர், அதற்குள் தேடுங்கள்.

வயரே சரிவராவிட்டால் அன்ட்ரொய்ட் போனில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, லப்டொப்பை அதில் இணையுங்கள். இரண்டிலும் 'லோக்கல்சென்ட்' என்ற இலவச மென்பொருளைப் போட்டால் படங்கள் காற்றிலேயே போகும், உங்கள் ரீலோட் காசில் ஒரு சதமும் குறையாது. டேட்டாவை நிறுத்தச் சொல்வது காரணத்தோடுதான். இணைப்புக் கிடைத்ததும் வின்டோஸ் தன் அப்டேட்டை இறக்கத் தொடங்கி, இருந்த டேட்டா முழுவதையும் குடித்துவிடும்.

போன் இலக்கங்கள் கூகுளில் ஏறவில்லை என்றால் அவை சிம்மில் சேமிக்கப்பட்டிருக்கலாம், அப்படியென்றால் கொன்டாக்ட்ஸ் செயலிக்குள் போய் சிம்மிலிருந்து இறக்கிக் கூகுள் கணக்கில் சேமியுங்கள். போனில் எல்லாம் சரி, கொம்பியூட்டரில்தான் கூகுள் திறக்கவே மாட்டேன் என்கிறது என்றால் வலது மூலையில் திகதியைப் பாருங்கள். கரண்ட் போய் வந்தபின் அது பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்ட்டில் இருக்கும் நாணயம் போன்ற பற்றரி செத்துவிட்டது. அனேகமாக சிஆர் 2032 என்ற இலக்கம் போட்டிருக்கும், மணிக்கூடு திருத்தும் கடையிலேயே கிடைக்கும். அதை மாற்றித் திகதியைச் சரிசெய்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்.