டேட்டாபேஸ் அழிந்த இரவு: ஆறுதல் சொல்வதிலும் பொறுப்புக் கேட்பதிலும் நடக்கும் தவறுகள்

2017 ஜனவரி 31, யூடிசி என்னும் உலகப் பொது நேரப்படி இரவு பதினொன்றரை இருக்கும். உலகெங்கும் புரோகிராமர்கள் தங்கள் மென்பொருள் கோடு சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில் டேட்டாபேஸுக்குத் திடீர் பளு. முதன்மை சர்வரோடு, அதன் நகலை வைத்திருக்கும் துணை சர்வர் ஒத்துப்போகாமல் பின்தங்கிவிட்டது. வேலையை முடித்துக் கிளம்ப இருந்த பொறியாளர் ஒருவர் அதைச் சரிசெய்ய உட்கார்ந்தார். காப்பி எடுக்கும் நிரல் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அப்படியே நின்றது. துணை சர்வரில் பழைய கோப்புகள் ஏதோ தடுக்கின்றன என்று நினைத்து, டேட்டா இருக்கும் டைரக்டரியை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். கட்டளை ஓடியது முதன்மை சர்வரில். இரண்டு சர்வர்களின் பெயருக்கும் நடுவே ஒரே ஓர் எண்தான் வித்தியாசம்: டிபி1, டிபி2.

ஒன்றிரண்டு விநாடிக்குள் சுதாரித்து நிறுத்திவிட்டார். ஆனால் 300 ஜிபி இருந்த இடத்தில் மிஞ்சியது 4.5 ஜிபி.

அடுத்து நடந்ததுதான் இன்றும் பேசப்படுகிறது. மீட்பு வேலையின் குறிப்பேட்டை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்துவிட்டார்கள். யூட்யூபில் நேரலையும் ஓடியது. ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள், ‘ஹக்ஆப்ஸ்’ (சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஓர் அணைப்பு) என்று ஹேஷ்டேக் போட்டு முகம் தெரியாத அந்தப் பொறியாளருக்கு ஆறுதல் சொன்னார்கள். சுமார் பதினெட்டு மணி நேரம் கழித்துத் தளம் திரும்பி வந்தபோது ஆறு மணி நேரத்துக்கு மேலான பதிவுகள் போயிருந்தன. நிறுவனத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 5,000 புராஜெக்டுகளும் 5,000 கமென்டுகளும் 700 புதிய கணக்குகளும் பாதிக்கப்பட்டன.

பெரிய தவறு ஊரறிய நடந்துவிட்டால் அலுவலகங்கள் இரண்டில் ஒன்றைத்தான் செய்கின்றன. தோளில் தட்டிக்கொடுத்து மறந்துவிடுகின்றன, இல்லையென்றால் ஆளைத் தூக்கிவிட்டு மறந்துவிடுகின்றன. இரண்டிலும் மறப்பது பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். ஆறுதல் மனிதருக்கு உரியது, அதை அன்று இரவே கொடுத்துவிட வேண்டும். பொறுப்பு என்பது உடைந்துபோன ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக ஒதுக்க வேண்டியது, அதற்கு ஒரு வாரம் ஆகும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும்போது நடக்கும் தவறுகள் இவை.

“விடு தம்பி, யாருக்குத்தான் நடக்கல”

நல்ல மனசோடு சொல்லப்படுவதுதான். ஆனால் கேட்பவருக்கு இது ஏறாது. இத்தனை பேர் பார்க்க இத்தனை பெரிய சேதம் எல்லோருக்கும் நடப்பதில்லை என்று அவருக்கே தெரியும். போதாக்குறைக்கு, இந்த வாக்கியம் பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறது.

அந்த நேரத்தில் உதவுவது துல்லியமான வார்த்தைகள். “இப்ப நீ எதையும் தொட வேண்டாம். ரீஸ்டோர் வேலையைச் செந்தில் பார்ப்பார். நீ என்னென்ன செஞ்சேன்னு மணி வாரியா சொல்லு, நான் எழுதிக்கிறேன்.” இதில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. நடுங்கும் கையிலிருந்து கீபோர்டு விலகுகிறது. ஆனால் ஆள் விலக்கப்படுவதில்லை. எந்தக் கட்டளை எங்கே ஓடியது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. மூன்றாவதாக, நினைவு கலங்குவதற்குள் நேரவரிசை பதிவாகிறது. கிட்லேப் பொறியாளர் இதைத் தானாகவே செய்தார். இன்றைக்கு இனி நிர்வாக அனுமதியோடு எந்தக் கட்டளையும் தான் ஓட்டாமலிருப்பதே நல்லது என்று சொல்லி, மீட்பைச் சக ஊழியரிடம் ஒப்படைத்தார். குறிப்பேட்டில் அது ஒரு வரியாகப் பதிவாகியிருக்கிறது. எல்லோருக்கும் அந்த நிதானம் வராது. வராதபோது டீம் லீட் அதைச் சொல்ல வேண்டும்.

பிறகு சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்குத் தனியாக வண்டி ஓட்டிப் போகவிடாமல் ஒருவரைக் கூட அனுப்புங்கள். மறுநாள் காலை, வேலை விஷயமில்லாமல் ஒரு போன்.

செய்யக் கூடாதது ஒன்று: அன்று இரவே “எக்ஸ்பிளனேஷன் எழுதிக் கொடு” என்று கேட்பது. நம் ஊர் அலுவலகங்களில் இது அனிச்சையாகவே நடக்கிறது. மெமோ வாசம் அடித்ததும் மனிதர் எழுதுவது நடந்ததை அல்ல, வக்கீல் நோட்டீஸுக்கான பதிலை. அந்தத் தாள் பிறகு எந்த விசாரணைக்கும் உதவாது.

முதல் நாள் சொன்ன காரணத்தையே பிடித்துக்கொண்டிருப்பது

2018 ஜனவரி 13 காலை 8:07க்கு ஹவாய் தீவுவாசிகளின் போன்களில் ஏவுகணை வருகிறது, ஒத்திகை அல்ல என்று எச்சரிக்கை வந்தது. அது பொய் என்று அதே வழியில் அறிவிப்பு வர 38 நிமிடம் ஆனது. “ஊழியர் தவறான பொத்தானை அழுத்திவிட்டார்” என்று அன்றே சொல்லப்பட்டது. உலகமே நம்பியது, சிரித்தது, கொஞ்சம் பரிதாபப்பட்டது.

அந்த மாத இறுதியில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் அறிக்கை சொன்னது வேறு. அவர் கை தவறி அழுத்தவில்லை. பணி மாறும் வேளையில் முன்னறிவிப்பில்லாமல் ஓர் ஒத்திகை. அதற்காக ஒலித்த குரல்பதிவில் ‘ஒத்திகை’ என்ற சொல்லும் இருந்தது, ‘இது ஒத்திகை அல்ல’ என்ற வாசகமும் தவறாக இருந்தது. அவர் நிஜத் தாக்குதல் என்றே நம்பி அனுப்பினார். சோதனைச் செய்திக்கும் நிஜச் செய்திக்கும் மென்பொருள் கேட்ட உறுதிக்கேள்வி ஒன்றுதான். இரண்டாமவர் ஒப்புதல் தேவையில்லை. பொய் எச்சரிக்கையைத் திருத்தத் தயாராக ஒரு வாசகம்கூட எழுதி வைத்திருக்கவில்லை; 38 நிமிடம் இழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

காரணம் ‘பொத்தான்’ என்று நின்றிருந்தால் பொத்தானின் நிறத்தை மாற்றிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆகவே முதல் 24 மணி நேரத்தில் வெளியே சொல்ல வேண்டியது என்ன நடந்தது என்பது மட்டும். ஏன் நடந்தது என்பதற்கு “விசாரிக்கிறோம், இன்ன தேதிக்குள் சொல்கிறோம்” என்று தேதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதே சம்பவத்தில் இன்னொன்று. அந்த ஊழியர் அதற்கு முன்பே குறைந்தது இரண்டு முறை ஒத்திகையை நிஜம் என்று குழப்பிக்கொண்டவர் என்று மாநில விசாரணை சொன்னது. அவர் வேலை போனது. அவசர மேலாண்மை அமைப்பின் தலைவர் ராஜினாமா செய்தார். இரண்டு முறை தடுமாறியவரை அதே நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டிருந்தது யார் என்ற கேள்வி, மூன்றாவது முறைக்கு முன்பு கேட்டிருக்க வேண்டியது. அதுவரை காட்டிய கனிவைப் பரிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

‘மனிதத் தவறு’ என்று எழுதிக் கோப்பை மூடுவது

தவறுகளில் தலையாயது இதுதான், இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

கிட்லேப் விவகாரத்தில் ஒருவர் தவறான சர்வரில் அழித்தார். சரி. பேக்கப்பிலிருந்து அரை மணி நேரத்தில் எடுத்திருக்கலாமே? அங்கேதான் பூதம் கிளம்பியது. தினசரி டேட்டாபேஸ் நகல் அமேசான் சேமிப்பில் இருக்க வேண்டும். திறந்து பார்த்தால் காலி. டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, நகலெடுத்த கருவியோ 9.2 பதிப்பு. பதிப்பு பொருந்தாததால் தினமும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோற்றால் மின்னஞ்சல் வருமே? அனுப்பப்பட்டது. ஆனால் அனுப்புநர் போலி இல்லை என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் தேறாததால் அந்த அஞ்சல்கள் நிராகரிக்கப்பட்டன. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூரின் டிஸ்க் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) கோப்பு சர்வர்களுக்கு இருந்தது, டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. துணை சர்வர்தான் புதிதாகக் காப்பி எடுப்பதற்காக ஏற்கெனவே துடைக்கப்பட்டாயிற்று. கடைசியில் காப்பாற்றியது, அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட். மணிக்கணக்கில் இழுத்ததற்குக் காரணம், அது இருந்த சோதனைச் சூழலின் டிஸ்க் மெதுவானது.

ஐந்து வழிகள், ஒன்றும் நம்பும்படி இல்லை. கிட்லேப் பிறகு வெளியிட்ட அறிக்கை ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போய் எட்டிய இடம்: பேக்கப்பைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. அழித்தவருக்குப் பெயர் இருந்தது. பேக்கப்புக்குப் பெயர் இல்லை. பொறுப்புக் கேட்பது என்றால் அந்தக் காலி இடத்தில் பெயர் எழுதுவது.

விசாரணையில் ஒரு சுலபமான சோதனை உண்டு. அதே திறமையுள்ள வேறொருவரை, அதே நேரத்தில், அதே தகவல்களோடு அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள். அவரும் அதையே செய்திருக்கக்கூடும் என்றால் ஆளை மாற்றிப் பயனில்லை.

முடிவுகளை எழுதும்போது நான்கு கட்டங்கள் போதும்: எதைச் சரிசெய்கிறோம், யார், எந்தத் தேதி, சரியானதை எப்படிப் பார்த்து உறுதி செய்வோம். ‘யார்’ கட்டத்தில் ஒரே ஒரு மனிதரின் பெயர். “டீம் பார்த்துக்கும்” என்று எழுதினால் யாரும் பார்க்கப்போவதில்லை. “இனி கவனமாக இருக்க வேண்டும்” என்பது ஒரு வேலையே அல்ல, அதை அடித்துவிடுங்கள். “நிஜ சர்வரின் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரையில்) எழுத்து சிவப்பு, சோதனை சர்வரில் மஞ்சள்” என்பது வேலை; அன்று இரவே கிட்லேப் பட்டியலில் அது ஏறியது. பத்துக்கு மேல் வேலைகளை அடுக்கினால் பாதி கிடப்பில் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சின்னவர் தலையில் கட்டுவது

2021 ஜூன் 17 அன்று எச்பிஓ மேக்ஸ் என்னும் ஸ்ட்ரீமிங் தளத்தின் சந்தாதாரர்கள் பலருக்கு ‘ஒருங்கிணைப்புச் சோதனை மின்னஞ்சல் 1’ என்று ஒரு வெற்று அஞ்சல் போனது. ஆமாம், இன்டர்ன்தான், அவருக்குத் துணையாக இருக்கிறோம் என்று நிறுவனம் ட்விட்டரில் எழுதியது. ‘அன்புள்ள இன்டர்ன்’ என்று தொடங்கி ஆயிரக்கணக்கானோர் தாங்கள் செய்த கூத்துகளைச் சொன்னார்கள். இனிமையான மாலைதான். யாருக்கும் நஷ்டமில்லை என்பதால் தப்பியது. சேதம் நிஜமாக இருந்திருந்தால் அதே ட்வீட், அமைப்பிலேயே மிகக் கீழே இருப்பவரைக் காட்டிக்கொடுத்ததாகியிருக்கும். ஓர் இன்டர்ன் ஒரே சொடுக்கில் சந்தாதாரர் பட்டியலுக்கு அஞ்சல் அனுப்ப முடிந்தது எப்படி என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

பெயர் விஷயத்தில் விதி எளிது. உள்ளே, நேரவரிசையில் யார் என்ன செய்தார் என்று இருக்கலாம். வெளியே போகும் அறிக்கையில் ‘பணியில் இருந்த பொறியாளர்’ என்று பொறுப்பு மட்டும். மன்னிப்பின் கீழே கையெழுத்து தலைவருடையது.

ஆளைத் தூக்கினால் முடிந்தது என்று நினைப்பது

கிட்லேப் தூக்கவில்லை, தவறு நடந்தது, வேலையை விட்டு எடுக்க மாட்டோம் என்று அப்போதே சொல்லிவிட்டது. அப்படியானால் எதற்குமே தண்டனை கிடையாதா? உண்டு. கை தவறியவருக்கு ஆறுதல். குறுக்குவழியைப் பழக்கமாக்கிக்கொண்டவருக்குக் கண்டிப்பும் பயிற்சியும். ஆபத்து தெரிந்தே அலட்சியம் செய்தவருக்கும், நடந்ததை மறைத்தவருக்கும், லாகை (கணினி தானே எழுதி வைக்கும் பதிவை) அழித்தவருக்கும் ஒழுங்கு நடவடிக்கை.

விமானத் துறை இந்தக் கோட்டை அழகாகப் போட்டிருக்கிறது. அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்தும் பாதுகாப்புத் தகவல் திட்டத்தில், வேண்டுமென்று செய்யாத விதிமீறலைப் பத்து நாளுக்குள் தானே எழுதிக் கொடுக்கும் விமானிக்குப் பொதுவாக உரிமம் முடக்கம், அபராதம் கிடையாது. குற்றச் செயலுக்கும் விபத்துக்கும் அந்தச் சலுகை பொருந்தாது. சலுகையின் விலை, உண்மையைச் சீக்கிரம் சொல்வது. உங்கள் அலுவலகத்தில் முதலில் வந்து சொன்னவருக்கு என்ன ஆகிறது என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த தவறு உங்கள் காதுக்கு எட்டுமா என்பது அதில் தீர்மானமாகிறது.

‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’

தூர்தர்ஷன் காலத்துப் பலகை. பாதிக்கப்பட்டவருக்கு இதில் எந்தத் தகவலும் இல்லை. உருப்படியான மன்னிப்பில் இருக்க வேண்டியவை: எந்த மணியிலிருந்து எந்த மணி வரை எது போனது, எது போகவில்லை, அவர் இப்போது என்ன செய்ய வேண்டும், அடுத்த தகவல் எப்போது. கிட்லேப் அறிவிப்பில் 17:20 முதல் நள்ளிரவு வரை என்று நேரம் இருந்தது. கோடு களஞ்சியங்களுக்குச் சேதமில்லை என்று தெளிவாக இருந்தது. படித்தவர் தன் வேலை போனதா இல்லையா என்று உடனே தெரிந்துகொண்டார்.

உங்கள் ஊழியருக்கு வந்த ஆறுதல் செய்திகளை வாடிக்கையாளரிடம் காட்டாதீர்கள். ஆறு மணி நேர உழைப்பை இழந்தவருக்கு உங்கள் பொறியாளரைத் தேற்றும் கடமை இல்லை. அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ள வேண்டியதும் மேலதிகாரிதான்.

திரும்பிப் பார்க்காமல் விடுவது

முப்பதாவது நாள் அந்த நான்கு கட்டப் பட்டியலை எடுத்து வைத்து உட்காருங்கள். முடிந்தது என்று சொல்லப்பட்டதை எதிரிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். பேக்கப் என்றால் கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. தனி சர்வரில் ரீஸ்டோர் செய்து, டேபிள்களின் வரி எண்ணிக்கையை ஒப்பிட்டு, எத்தனை நிமிடம் ஆனது என்று குறிக்க வேண்டும். எச்சரிக்கை அஞ்சலுக்கும் அப்படித்தான்: வேண்டுமென்றே ஒரு நாள் பேக்கப்பைத் தோற்க வைத்து, அஞ்சல் வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.

அந்த ரீஸ்டோர் ஒத்திகையை, அன்று தவறு செய்தவரிடமே கொடுங்கள். பக்கத்தில் இன்னொருவர் உட்காரட்டும். கட்டளையை அடிப்பதற்கு முன் சர்வர் பெயரை இருவரும் வாய்விட்டுப் படிக்கட்டும்.