டிரம்மைக் கவிழ்த்தால் போதாது: வீட்டில் டெங்குக் கொசு வளராமல் தடுக்கும் வாராந்திரச் செய்முறை

சென்ற ஆண்டு ஐப்பசி மழையின்போது என் மகளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, ஐந்து நாட்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. அதற்கு முன்பும் நாங்கள் அசட்டையாக இருந்ததில்லை. தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மை ஞாயிறுதோறும் கவிழ்த்துவிட்டுத்தான் புதுத் தண்ணீர் நிரப்பினோம். இருந்தும் புதன்கிழமைக்குள் அதே டிரம்மில் புழுக்கள் நெளிந்தன. காரணம் பிடிபடச் சில வாரங்கள் ஆயின.

டெங்கைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் சாக்கடையை நாடுவதில்லை. வீட்டிலும் வீட்டைச் சுற்றிலும் தேங்கும் தெளிந்த நீரையே தேடி முட்டையிடுகிறது. கடிப்பதும் பகலில்தான், அதிலும் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகம். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாட்கள் போதும் என்பதால், இந்த வேலையை வாரம் ஒருமுறை தவறாமல் செய்ய வேண்டும். வீட்டில் ஒருவருக்கு ஏற்கெனவே டெங்கு வந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்தக் கிருமியில் 4 வகைகள் உள்ளன. இரண்டாம் முறை வேறு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது.

தேவையானவை ஒரு டார்ச், தேங்காய் நார், பழைய வெள்ளைத் துணி, கொஞ்சம் கல் உப்பு. கம்பி நாரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பிளாஸ்டிக்கில் கீறல் போடும், கீறலில் பாசி பிடிக்கும், அடுத்த வாரம் தேய்ப்பது இரட்டை வேலையாகும். பிரஷ்ஷைவிடத் தேங்காய் நார்தான் டிரம்மின் வளைவுகளில் நன்றாகப் பதிகிறது.

முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சமோ நிழலோ பட்டவுடன் புழுக்கள் அடிக்கு ஓடிவிடும். இரண்டு நிமிடம் அசையாமல் காத்திருந்தால் மூச்சு விட மேலே வந்து, நீர்ப்பரப்பில் தலைகீழாகத் தொங்கும்.

இரண்டாவதாக, அந்தத் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். தேங்கி நிற்கும் வடிகாலில் ஊற்றினால் புழுக்கள் அங்கே பிழைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது படியில்தான் நாங்கள் தவறியிருந்தோம். ஏடிஸ் கொசு முட்டைகளைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உள்சுவரில் ஒட்டிவைக்கிறது. டிரம்மைக் கவிழ்த்தாலும் அவை விழுவதில்லை. தண்ணீர் இல்லாமல் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் ஏறி மூழ்கியதும் பொரிந்துவிடுகின்றன. அதாவது ஒவ்வொரு ஞாயிறும் புதுத் தண்ணீர் ஊற்றி, போன வாரத்து முட்டைகளை நாங்களே பொரிக்க வைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் ஈர வெள்ளைத் துணியால் உள்சுவரைச் சுற்றித் துடைத்தபோது, பழைய நீர்மட்டக் கோட்டை ஒட்டி, பொடித்த மிளகைப் போலக் கறுப்புப் புள்ளிகள் துணியில் ஒட்டி வந்தன. ஆகவே விளிம்பிலிருந்து அடிவரை நாரால் அழுத்தித் தேய்த்து, இரண்டு முறை அலசி, கடைசியில் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக வரும்வரை தேய்ப்பதை நிறுத்தாதீர்கள்.

பிறகு மூடி. மூடி இல்லையென்றால் பழைய வேட்டியை இரண்டாக மடித்து, டிரம்மின் வாயைச் சுற்றிக் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். துணி தொய்ந்து தண்ணீரைத் தொடக் கூடாது.

டிரம் முடிந்ததும் மற்ற இடங்களைப் பாருங்கள்: பூந்தொட்டித் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், டயர், கொட்டாங்குச்சி, சன்ஷேடில் தேங்கும் மழைநீர். எறும்புக்காக அலமாரிக் கால்களுக்கு வைக்கும் கிண்ணத் தண்ணீரில் கல் உப்பைத் தாராளமாகப் போடுங்கள். பலரும் மறக்கும் இடம் ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு. பனி உருகி வடியும் நீர் அங்கே கம்பிரஸரின் சூட்டில் வெதுவெதுப்பாக நிற்கிறது. மின் இணைப்பைத் துண்டித்த பிறகே அதைத் தொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் காய்ச்சல் வந்தால், நிலவேம்புக் குடிநீரை மட்டும் நம்பி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே, அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் ஆகியவை இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7 நாட்களுக்குள், அது இறங்கும் நேரத்தில்தான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. உடம்பு ஆறிவிட்டதே என்று நாங்கள் நிம்மதியடைந்த அன்று மாலைதான் என் மகளுக்கு வயிற்றுவலி தொடங்கியது. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவென்று பாராமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பின்னர்ச் சேர்த்தது: டிரம்மில் பிளீச்சிங் பவுடர் போட்டால் தேய்க்க வேண்டியதில்லையா என்று பலர் கேட்டிருந்தார்கள். குடிநீருக்குப் போடும் அளவு குளோரின் புழுக்களை ஒழிக்கும் என்று நம்ப முடியாது. தேய்த்தே ஆக வேண்டும். கிணறு வைத்திருப்பவர்கள் சுகாதாரத் துறையினரிடம் கொசுப்புழுக்களைத் தின்னும் கம்பூசியா மீன் கேட்டு வாங்கி விடலாம். மொட்டைமாடித் தொட்டியை மூடி வைத்தும் கொசு வருகிறது என்றவருக்கு: நிரம்பி வழியும் குழாயின் வாய் திறந்திருக்கும், பாருங்கள். அதற்கு நைலான் வலை கட்டுங்கள். துணி கட்டினால் அழுக்கு அடைத்துக்கொண்டு, தண்ணீர் மூடி வழியாக வழியத் தொடங்கும்.