கலோரி மீதி இருக்கிறது, பசி இல்லை: சாப்பிடணுமா, விடலாமா?

எடை குறைக்க ஒரு நாளைக்கு இத்தனை கலோரி என்று முடிவு செய்து, காலையில் இருந்து எல்லாவற்றையும் ஆப்பில் எழுதி வருகிறீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் பார்த்தால் இன்னும் 300 கலோரி பாக்கி என்று காட்டுகிறது, வயிறோ போதும் என்கிறது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் ஆரோக்கியமான பெரியவர், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கவில்லை, கர்ப்பமாக இல்லை, அன்றைக்குப் பருப்போ முட்டையோ மீனோ தயிரோ ஓரளவு உள்ளே போயிருக்கிறது என்றால் சாப்பிட வேண்டாம், போய்த் தூங்குங்கள். அந்த 300-ஐ நிரப்புவதற்காக மட்டும் பிரிட்ஜைத் திறக்காதீர்கள். எடை குறைப்பவருக்கு அந்த எண் ஒரு மேல் வரம்பு. அதைத் தொட்டே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆனால் இது எல்லா நாளும், எல்லாருக்கும் பொருந்தாது. எப்போது விடலாம், எப்போது பசி இல்லாவிட்டாலும் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நிறையப் பேர் பயன்படுத்துவது 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜோர் சூத்திரம். கிலோவில் எடையை 10 ஆல் பெருக்கி, சென்டிமீட்டரில் உயரத்தை 6.25 ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி, அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். பிறகு ஆணாக இருந்தால் 5 கூட்ட வேண்டும், பெண்ணாக இருந்தால் 161 கழிக்க வேண்டும். 34 வயது, 65 கிலோ, 158 சென்டிமீட்டர் உள்ள ஒரு பெண்ணுக்கு இது சுமார் 1300 வரும். ஒன்றுமே செய்யாமல் படுத்திருந்தாலும் உடம்பு செலவழிப்பது அவ்வளவு. ஆபீஸ் வேலை, வீட்டு வேலை, கொஞ்சம் நடை எல்லாம் சேர்த்து 1.375 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1800. அதில் 400 குறைத்து 1400 என்று இலக்கு வைக்கிறோம். இதில் ஒவ்வொரு படியும் மதிப்பீடுதான், பத்து சதவீதம் முன்னே பின்னே இருப்பது சகஜம். அப்படி இருக்கும்போது 1400-க்குப் பதில் 1250 சாப்பிட்டேனே என்று கவலைப்படுவதில் அர்த்தமே இல்லை.

அதனால் கணக்கை நாளாகப் பார்க்காமல் வாரமாகப் பாருங்கள். அதே பெண்ணுக்கு வார இலக்கு 9800. இரண்டு நாள் பசியில்லாமல் 1100-ஓடு நிறுத்திக்கொண்டார், மற்ற ஐந்து நாள் 1400 என்றால் மொத்தம் 9200, சராசரி 1314. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி என்று வைத்தால் அந்த 600 கலோரி வித்தியாசம் நூறு கிராம் கூட வராது. இதில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு செவ்வாய் வரைக்கும் பசியே எடுக்கவில்லை என்றால் உடம்பு தானே சரிசெய்துகொள்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏகாதசி, சஷ்டி என்று விரதம் இருப்பவர்களும் இப்படி வாரக் கணக்காகப் பார்த்தால் குழப்பம் இருக்காது.

ஒரு வேளை விட்டால் உடம்பு பட்டினி என்று நினைத்துக் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் நிறைய. ஒரு ராத்திரியில் அப்படி எதுவும் நடக்காது. நீண்ட நாள் குறைவாகச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 1944–45-இல் நடத்திய ஆய்வு இருக்கிறது. ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரம், நாளுக்குச் சுமார் 1570 கலோரி மட்டும் கொடுத்தார்கள், கூடவே வாரம் முழுக்க நடையும் வேலையும். உடம்பு செலவைக் குறைத்துக்கொண்டது உண்மை, இதயத் துடிப்பு இறங்கியது, எப்போதும் குளிர் எடுத்தது, ஆனாலும் எடை குறைந்துகொண்டேதான் போனது, கிட்டத்தட்ட கால்வாசி எடை போயிற்று. என்னை அதிகம் பாதித்தது அதில் வேறொன்று. அவர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களைத் தேடிப் படித்தார்கள், மனம் சோர்ந்து எரிச்சலும் விரக்தியுமாக ஆனார்கள். மாதக்கணக்கில் குறைவாகச் சாப்பிடுவதன் ஆபத்து இதுதான், ஒரு நாள் 300 கலோரி விடுவதில் அது இல்லை.

சரி, நிஜமாகவே மீதி இருக்கிறதா?

இதைப் பார்க்காமல் மேலே போகக் கூடாது, ஏனென்றால் நம் சமையலில் கணக்கில் விடுபடுவது எப்போதும் எண்ணெய்தான். ஆப்பில் "சாம்பார் ஒரு கப்", "கத்திரிக்காய் பொரியல் ஒரு கப்" என்று தட்டினால் வருவது யாரோ ஒருவர் வீட்டுச் சாம்பார். உங்கள் வீட்டில் எவ்வளவு ஊற்றுகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கிட்டத்தட்ட 120 கலோரி. இட்லிப் பொடிக்கு ஊற்றும் நல்லெண்ணெயே அந்த அளவு வந்துவிடும், மூன்று இட்லியின் கலோரிக்குப் பக்கத்தில்.

இதற்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று மளிகைக் கணக்கில் பாருங்கள். நான்கு பேர் வீட்டில் மூன்று லிட்டர் தீர்கிறது என்றால் தலைக்கு 750 மில்லி, நாளுக்கு 25 மில்லி, அதாவது ஏறக்குறைய 200 கலோரி. நெய்யையும் தேங்காயையும் இதே மாதிரி வகுத்துக்கொள்ளலாம். இந்த 200-ஐ நீங்கள் எழுதவே இல்லை என்றால் "300 பாக்கி" என்பது உண்மையில் 100 பாக்கிதான். அப்புறம் டீ. பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்ட டீ 80-இல் இருந்து 100 கலோரி, கூட இரண்டு பிஸ்கட் என்றால் இன்னும் ஐம்பது, அறுபது. ஆபீஸில் மூன்று முறை இப்படிப் போனால் ஒரு வேளைச் சாப்பாடு அளவுக்கு உள்ளே போய்விடும், புரதம் மட்டும் போகாது. மத்தியானம் பசிக்கவில்லை என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்குக் காரணம் பதினோரு மணி டீயும் பிஸ்கட்டும்தான். முதலில் அதை நிறுத்திவிட்டு ஒரு வாரம் பாருங்கள், பசி தானாக வரும்.

இன்னொரு பக்கம், மெஷினில் நடந்ததற்கு ஆப் கூடுதலாகக் கொடுக்கும் கலோரி. 350 எரித்தீர்கள் என்று காட்டும், மைஃபிட்னஸ்பால் மாதிரியான ஆப்கள் அதை இலக்கோடு கூட்டியும் கொடுக்கும். அந்த எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். உடற்பயிற்சியால் வந்த பாக்கியைப் பசி இல்லாமல் சாப்பிட்டுத் தீர்க்காதீர்கள்.

பசியைச் சோதிக்கும் விதம்

கடுமையாக ஓடிவிட்டு வந்தால் கொஞ்ச நேரம் பசி தெரியாது. சித்திரை வெயிலில் அலைந்து வந்தாலும் அப்படித்தான். அதை வைத்து முடிவெடுக்காமல் குளித்து, தண்ணீரோ மோரோ குடித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்போது வெறும் தயிர்சாதம், ஊறுகாய் கூட வேண்டாம், கொடுத்தால் சாப்பிடுவீர்களா என்று உங்களையே கேளுங்கள். சாப்பிடுவேன் என்றால் அது பசி, சாப்பிடுங்கள், பாக்கி இருக்கும்போது பசியோடு படுக்க வேண்டிய அவசியம் இல்லை. தயிர்சாதம் வேண்டாம், மிக்சர் இருந்தால் பரவாயில்லை என்று தோன்றினால் அது ஆசை. அன்றைக்கு விட்டுவிடலாம்.

வீட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. "ஒரே ஒரு தோசை, சூடா இருக்கு" என்று அம்மாவோ மாமியாரோ தட்டில் போட்டுவிடுவார்கள். அன்பில் செய்வதை முறைத்துக்கொண்டு மறுக்க முடியாது. தட்டில் விழுந்த பிறகு வேண்டாம் என்பதைவிட, உட்காரும்போதே "இன்னைக்கு ரெண்டு போதும்மா, காலையில சேர்த்துச் சாப்பிடுறேன்" என்று சொல்லிவிடுங்கள். காலையில் நிஜமாகவே நன்றாகச் சாப்பிடவும் செய்யுங்கள். அப்படிச் செய்தால்தான் அடுத்த முறை நம்புவார்கள்.

குறைத்துச் சாப்பிடும் நாளில் எதை விடக் கூடாது

கலோரி குறைந்தால் பரவாயில்லை, புரதம் குறையக் கூடாது. சாப்பாடு குறையும்போது உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கும், புரதமும் கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும் இருந்தால் அது குறையும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.83 கிராம். 65 கிலோவுக்கு 54 கிராம். எடை குறைக்கும்போது இதைவிடக் கூடுதலாகவே வேண்டும் என்பதால் 54-ஐக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முட்டையில் 12, வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கப்பில் 13 போல, 100 கிராம் மீனில் 20, ஒரு கப் தயிரில் 6 அல்லது 7. இத்தனையும் சேர்ந்தால் 50-ஐத் தாண்டிவிடும், மீதி சாதத்திலும் பருப்பிலும் வந்துவிடும். சைவம் என்றால் மீனுக்குப் பதில் பனீர், சோயா, கூடுதல் பருப்பு. பசி குறைவான நாளில் முதலில் இவற்றையும் காயையும் சாப்பிட்டுவிட்டு, இடம் இருந்தால் சாதம் என்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிர், ரசம் சாதம் மட்டும் ஒரு வாய் சாப்பிட்டு எழுந்துவிடுவோம்.

பெண்கள் கீரையையும் விடாதீர்கள். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள்.

கீழ் வரம்பு என்று ஒன்றும் வேண்டும். பெண்ணுக்கு 1200, ஆணுக்கு 1500 என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. ஒரு நாள் அதற்குக் கீழே போனால் ஒன்றும் ஆகாது. நாலைந்து நாள் தொடர்ந்தால் பசி இல்லாவிட்டாலும் கொஞ்சம் சேர்த்துச் சாப்பிடுங்கள்: ஒரு பிடி வேர்க்கடலை 170 கலோரி, ஒரு வாழைப்பழம் 100, ஒரு தம்ளர் பால், சத்துமாவுக் கஞ்சி. மெல்ல முடியாதபோது குடிப்பது சுலபம். 800-க்குக் கீழே போகும் டயட் மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டியது. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பு கூடும்.

இவர்கள் விடவே கூடாது

இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் பசியில்லை என்று வேளையைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். சாப்பிட முடியாத நாளில் மருந்தை என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து அளவு 70-க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் அம்மாக்கள், வளரும் பிள்ளைகள், காய்ச்சலில் இருந்து எழுந்தவர்கள், வயதானவர்கள் இவர்களுக்கு இந்தக் கட்டுரையின் முதல் பத்தி பொருந்தாது. பசியைக் குறைக்கும் ஊசி போடுபவர்கள் இப்போது நம் ஊரிலும் அதிகமாகிவிட்டார்கள். அவர்களுக்குப் பசி வழிகாட்டாது, கடிகாரத்தைப் பார்த்து, புரதத்தை முதலில் வைத்துச் சாப்பிட வேண்டும்.

இன்னொன்றையும் உண்மையாக யோசித்துப் பாருங்கள். ஆப்பில் எண் குறைவாக இருந்தால் சந்தோஷம், இலக்கைத் தொட்டாலே பயம், மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்க்கிறீர்கள், மாதவிடாய் மூன்று மாதமாக வரவில்லை என்றால் இது பசியின்மை இல்லை, உடம்பும் மனமும் உதவி கேட்கின்றன. ஆப்பை நீக்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மனஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

முயற்சி எதுவும் இல்லாமலே ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் ஐந்து சதவீதம் போய்விட்டது, அல்லது பசியின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீள்கிறது, கூடவே சாயங்காலக் காய்ச்சல், விடாத இருமல், மஞ்சள் கண், கறுத்த மலம் என்று எதாவது இருக்கிறது என்றால் தள்ளிப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது கடைசி இரண்டு வாரம் என்ன சாப்பிட்டீர்கள், எடை எவ்வளவு, என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.